பலகையில் இறங்கிய வரிகள்

நாமக்கல்லில் திருச்செங்கோடு போகிற சாலையில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக நிற்கிற இடத்தில், பெயிண்டர் மாதையனின் ஷெட்டுக்கு நேர் மேலே மாடியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் இருந்தது, இன்னும் இருக்கிறது, நம்பாதவர்கள் படியேறிப் பார்த்துக்கொள்ளலாம், கைப்பிடியில் பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று மட்டும் பார்த்து ஏற வேண்டும்.

அந்த ஆபீஸில் செய்தது ஒரே ஒரு கருவிதான். சல்லடை என்று அதற்குப் பெயர். கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ஒவ்வொரு நிரலும் தன் வேலைக்குக் கொஞ்சம் இடம் வாங்கிக்கொள்ளும், வேலை முடிந்ததும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கொடுக்க மறந்தால் இடம் குறைந்து குறைந்து ஒரு நாள் இயந்திரமே மூச்சுமுட்டி நின்றுவிடும். எது வாங்கியது, எங்கே கொடுக்க மறந்தது என்று சலித்துக் காட்டுவதுதான் சல்லடையின் வேலை. இதை மாடியில் இருந்தவர்கள் கீழே இருந்தவர்களுக்கு எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் மாதையன்தான், வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "அட, இதுக்கா இத்தனை பேச்சு? பந்தியில சாப்பிட்டுட்டு எந்திரிக்காம உக்காந்தே கெடக்கறவனைக் காட்டிக் குடுக்கற சாமானம். அவன் எந்திரிச்சாத்தான அடுத்த பந்தி போட முடியும்?" என்றார். அதற்கப்புறம் அந்தச் சாலையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சல்லடையைச் செய்தவர் யாகூப். அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதிவைத்து, எழுதியதைப் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கிற வேலை பொற்கொடி அக்காவுடையது. ஆயிரத்து நூற்றுப் பதினேழு பக்கம். அக்கா தமிழில் எழுதுவார், எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதைத் தங்கள் பாஷைக்கு மாற்றிக்கொள்வார்கள். யாகூப்பிடம் ஒரு பழக்கம் இருந்தது. கருவியில் ஒன்றை மாற்றுவார், மாற்றிய சந்தோஷத்தில் டீ குடிக்கப் போவார், டீ குடித்துவிட்டு வந்து அடுத்ததை மாற்றுவார், அக்காவிடம் சொல்ல வேண்டியது மட்டும் டீக்கடைக்கும் மாடிப்படிக்கும் நடுவில் எங்கேயோ விழுந்துவிடும்.

"யாகூப்பு, மாத்துனா ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொன்னனே அக்கா."

"யார்கிட்ட?"

"மனசுல சொன்னேன்."

அதனால் நேற்று வரை உண்மையாக இருந்த ஒரு வரி, இன்று காலையில் யாரும் தொடாமலே பொய்யாகிப் போயிருக்கும். பார்த்தால் தெரியாது. உண்மையாக இருந்தபோது எப்படி உட்கார்ந்திருந்ததோ அதே அடக்கத்தோடு அதே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், அதை நம்பி எங்கோ கண்காணாத ஊரில் யாரோ ஒருவர் வேலை செய்துகொண்டிருப்பார். பொற்கொடி அக்காவுக்குச் சோறு இறங்காமல் போவது இந்த ஒன்றை நினைத்துத்தான்.

ஒரு புரட்டாசியில், மறுநாள் சாலைக்கு இறங்க வேண்டிய புது வண்டிக்கு மாதையன் வேலையெல்லாம் முடித்து, பின்பலகையை மட்டும் நீல வர்ணத்தோடு வெறுமையாக விட்டுப் போனார், காலையில் வந்து பார்த்தால் பலகையில் அவருடைய கையெழுத்திலேயே, அவர் போடுகிற மஞ்சளில், அவர் கொடுக்கிற சிவப்பு நிழலோடு ஒரு வரி இருந்தது: 'பிழை எண் நாற்பத்தொன்று வந்தால் அஞ்ச வேண்டாம், அது எச்சரிக்கை மட்டுமே.' மாதையன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். வண்டிக்காரர் பலகையைப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்குது, இருந்துட்டுப் போகட்டும் என்றார். ஸ்கூட்டியை நிறுத்த வந்த பொற்கொடி அக்கா மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றார். அது அவர் எழுதிய வரி, முந்நூற்றெட்டாம் பக்கம்.

மேலே போய்ச் சோதித்துப் பார்த்தார். பிழை எண் நாற்பத்தொன்று இப்போது எச்சரிக்கையாக இல்லை, வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது, ஆவணியிலேயே யாகூப் மாற்றியிருக்கிறார். அக்கா பக்கத்தைத் திருத்திச் சேமித்தார். கீழே பலகையில் இருந்த எழுத்துகள், மிதிபட்ட கோலம் மறைவதுபோல ஓரத்திலிருந்து மங்க, பத்து நிமிஷத்தில் பலகை வெறும் நீலமாகிவிட்டது. வண்டிக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"ஏனுங்க அம்மணி, என்ற வண்டியில இருந்ததை எதுக்குங்க அழிச்சீங்க?"

"தப்பா இருந்துச்சுங்ண்ணா."

"தப்பா இருந்தா என்னங்க? அழகா இருந்துச்சில்ல?"

இப்படித்தான் தொடங்கியது. ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை, மழை பெய்தால் குடை தேடுவோமே தவிர மேகத்திடம் போய் விளக்கம் கேட்பதில்லை. ஐப்பசியில் ஏழு வண்டி, கார்த்திகையில் பதினொன்று, அப்புறம் பட்டறையில் நிற்கிற வண்டிக்கு மட்டுமில்லாமல், மாதையன் என்றைக்கோ வர்ணம் அடித்துச் சாலையில் போய்க்கொண்டிருக்கிற வண்டிகளுக்கும் வரி இறங்கத் தொடங்கியது. நாக்பூர் தாண்டி ஒரு வண்டியில், ஒடிசாவில் இரும்புத் தாது ஏற்ற நின்ற ஒரு வண்டியில், அசாமில் ஆற்றுப் பாலத்தின் நடுவில், பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துக் கையைக் காட்டிக் காட்டிச் சொன்ன பிறகு தெரிந்துகொண்ட ஒரு வண்டியில். வரி விழுந்த வண்டிக்கு டயர் வெடிப்பதில்லை என்றார்கள், வெங்காயம் ஏற்றினால் முளைப்பதில்லை என்றார்கள், முட்டை ஏற்றிப் போனால் ஒன்றுகூட உடையாமல் போய்ச் சேர்ந்தது என்று எழுபது வயது முட்டை வியாபாரி ஒருவர் ஆஞ்சநேயர் மேல் சத்தியம் செய்தார். பலகைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கும்பிட்டுவிட்டு வண்டி எடுத்தார்கள். புது வண்டி இறக்கும் முதலாளிகள் யாகூப்பை டீக்கடையில் பிடித்துக்கொண்டு, "தம்பி, வெள்ளிக்கெழமை வண்டி எறங்குது, எதாச்சும் ஒண்ணை மாத்தி உடுங்க" என்று கெஞ்சினார்கள். "அதுக்குன்னு தனியா மாத்த வேண்டியதில்லைங்க, தானா நடக்கும்" என்பார் யாகூப்.

அதிர்ஷ்டம் என்றாலும், வந்த வரியைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது பாவம் என்று ஒரு வழக்கம் தானாகவே உண்டாகிவிட்டது. ஊரில் இருந்தால் படியேறி வந்து சொல்ல வேண்டும், வெளியூரில் இருந்தால் ஃபோன் போட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அக்கா திருத்துவார், எழுத்து மறையும், "சொன்னதுக்கு நன்றிங்ண்ணா" என்பார், ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் சொன்னவர் பெயரையும் வண்டி எண்ணையும் சேர்ப்பார். முன்பு அந்தப் பக்கத்தில் மூன்றே பெயர்தான் இருந்தது. தை பிறந்தபோது எழுபத்திரண்டு. சல்லடையைப் பயன்படுத்துகிற வெளிநாட்டுக்காரர்கள், இந்த ஆவணத்தைப்போலச் சுத்தமான ஆவணத்தை நாங்கள் பார்த்ததில்லை, உங்களிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எழுதிக் கேட்டார்கள். அக்கா கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லிப் பதில் போட்டார்.

ராக்கியப்பன் ஒருத்தர்தான் சொல்லாமல் இருந்தார்.

ராக்கியப்பனுக்கு ஐம்பத்தாறு வயது, சொந்த வண்டி, மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகள் பிருந்தா, தும்கூர் சாலையில் டயர் கடை வைத்திருந்த ஒரு பையனைத் தன் விருப்பத்துக்குக் கட்டிக்கொண்டாள், கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. நாலு வருஷம் அந்தச் சாலையில் வாரத்துக்கு இரண்டு தடவை வண்டி ஓட்டினார், டயர் கடை வரும்போது மட்டும் வலது பக்கமே பார்த்துக்கொண்டு ஓட்டினார், கடை இடது பக்கம். ஒரு சித்திரை மாதத்துச் சாயங்காலம் கடையைத் தாண்டிப் பத்து நிமிஷத்தில் ஃபோன் அடித்தது.

"அப்பா, வண்டிக்குப் பின்னாடி என்னமோ எழுதியிருக்குதே, என்னதுங்ப்பா?"

அவர் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். நாலு வருஷத்துக்கப்புறம் மகளிடம் பேச அவருக்கு வேறு சொல் எதுவும் வாயில் இல்லை, பலகையில் இருந்ததைப் படித்தார்: 'நாள்கணக்கில் ஓடும் நிரல்களையும் சல்லடை தானாகவே நடுநடுவே சலித்துக் காட்டும்; நீங்கள் எதுவும் கேட்க வேண்டியதில்லை.'

"நல்லா இருக்குதுங்ப்பா" என்றாள் அவள்.

மறுநாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டாள். வரி இருக்குதுங்களாப்பா என்று கேட்பாள், இருக்குது கண்ணு என்பார், படிங்க என்பாள், படிப்பார், சரிங்ப்பா, பத்திரமா ஓட்டுங்க என்று வைத்துவிடுவாள். தினமும் இவ்வளவுதான் பேச்சு. இந்த இவ்வளவுக்காகச் சாயங்காலம் நாலு மணியிலிருந்தே ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினார். வரி மறைந்தால் அந்த அழைப்பும் மறைந்துவிடும் என்று பயந்தார், பலகை மேல் ஒரு பழைய தார்ப்பாயைத் தொங்கவிட்டு, யார் கேட்டாலும் கீல் உடைந்திருக்குது என்றார். பட்டறைப் பக்கமே வருவதை விட்டுவிட்டார்.

ஆனியில் பொற்கொடி அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. குறைமாதக் குழந்தைகளை வைக்கிற இன்குபேட்டர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியிலிருந்து ரெஜினா என்கிற பொறியாளர் எழுதியிருந்தார். ஒரு மலையூர் ஆஸ்பத்திரியில் எங்கள் பெட்டி ஆறு இருக்கிறது, ஒவ்வொன்றும் பதினோராம் நாள் நின்றுவிடுகிறது, எங்கேயோ இடம் கசிகிறது என்று நினைக்கிறோம், உங்கள் ஆவணத்தில் சொல்லியிருப்பதுபோலவே சல்லடையை ஓடவிட்டோம், நாள்கணக்காக ஓடியும் அது ஒரு குறையும் சொல்லவில்லை, அங்கே ஒரு நர்ஸ் காலண்டரில் வட்டம் போட்டுவைத்து, ஒன்பதாம் நாளே குழந்தையை வேறு பெட்டிக்கு மாற்றி, நிறுத்தி மறுபடி போடுகிறார், நாலு மாதமாக அவர் ஒரு நாள் லீவு எடுக்கவில்லை, அவர் ஒரு தடவை மறந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு எழுதவே கை வரவில்லை.

அக்கா யாகூப்பைக் கூப்பிட்டார்.

"என்ன மாத்துன?"

"எப்பக்கா?"

"எப்பவாச்சும்."

யாகூப் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், விரல் போதவில்லை. "நாப்பது அம்பது இருக்கும்கா" என்றார், முதல் தடவையாக டீ குடிக்கப் போகாமல் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஆயிரத்து நூற்றுப் பதினேழு பக்கத்தையும் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகச் சோதிக்க ஆரம்பித்தார்கள். நாலு நாளில் நூற்றிருபது பக்கம் முடிந்தது. கீழே மாதையன் பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் ஓடிப் போய்ப் பார்த்தார், ஒன்றிலும் எதுவும் இல்லை. ஐந்தாம் நாள் அவர்தான் படியேறி வந்து சொன்னார்: "அம்மணி, வரி எறங்காம இருக்காது. எவனோ வெச்சுட்டுச் சொல்லாம இருக்கறான். நீங்க உங்க வாயால கேளுங்க."

அக்கா ஃபோனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினார், அது வண்டி வண்டியாகக் கைமாறி இரண்டு மணி நேரத்தில் நாடு முழுக்கப் போய்விட்டது. "அண்ணனுங்களே, பொற்கொடி பேசறனுங்க. குறைமாசத்துல பொறந்த கொழந்தைங்களை வெக்கற பெட்டி ஆறு, நான் எழுதுன ஏதோ ஒரு வரியை நம்பி ஓடிட்டு இருக்குது. எந்த வரின்னு எனக்குத் தெரியலைங்க. பெட்டி நின்னு போறதுக்குள்ள கொழந்தையை மாத்தோணும்னு ஒரு நர்ஸம்மா காலண்டர்ல வட்டம் போட்டு நாள் எண்ணிட்டு இருக்கறாங்க. உங்கள்ல யாராச்சும் ஒருத்தர்கிட்டத்தான் இருக்கோணும். யாருன்னு கேக்க மாட்டேன், எதுக்குச் சொல்லலைன்னும் கேக்க மாட்டேன். தப்பு என்னுதுங்க. படிச்சு மட்டும் காட்டுங்க."

ராக்கியப்பன் இதை ஹிரியூர் தாண்டி ஒரு டீக்கடையில் கேட்டார். பக்கத்து மேஜைக்காரர் ஃபோனிலும் அதே குரல், எதிரே நின்ற பஞ்சாப் வண்டிக்காரர் ஃபோனிலும் அதே குரல், அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ராக்கியப்பன் டீயைக் குடிக்காமல் வண்டிக்குப் போனார். அப்போது மணி நாலரை, மகள் கூப்பிட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஆறு மணிக்கு ஒரு தடவை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தார். நினைத்தபடி டயர்களைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். அந்த நர்ஸ் வட்டம் போட்டுவைத்த காலண்டர் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது, இன்றைக்கு எந்தத் தேதி என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. தார்ப்பாயை அவிழ்த்துக் கீழே போட்டார்.

"அம்மணி, ராக்கியப்பன் பேசறனுங்க."

"சொல்லுங்ண்ணா."

"மூணு மாசமா என்ற பலகையில ஒண்ணு இருக்குதுங்க."

"படிங்ண்ணா."

அவர் படித்தார். தினமும் படித்த வரி, மனப்பாடம் ஆன வரி, அதை எழுத்தெழுத்தாகக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் படித்தார். அந்தப் பக்கம் விசைகளைத் தட்டுகிற சத்தம் வந்தது. அப்புறம் யாகூப்பின் குரல் மட்டும், "அய்யோ, வேகம் கொறையுதுன்னு பங்குனியில நான்தான்க்கா அதை அணைச்சு வெச்சேன்" என்று கேட்டது. ரெஜினாவின் பெட்டிகள் நிற்காமல் ஓடுகிறவை, ஓட்டம் முடிந்தால் சல்லடை கடைசியில் கணக்குச் சொல்லும், இவற்றுக்கு ஓட்டம் முடிவதே இல்லை, நடுவில் தானாகச் சொல்லும் என்று கம்பெனிக்காரர்கள் காத்திருக்க, அது சொல்லாமலிருந்ததைக் குறையே இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கா எழுதினார், எழுதியதை ஃபோனிலேயே அவருக்கும் படித்துக் காட்டினார்: 'நாள்கணக்கில் ஓடும் நிரல்களில் சல்லடை தானாக எதையும் காட்டாது, நடுநடுவே நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்காதபோது அது சும்மா இருப்பதை, குறையில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.'

"சரியா இருக்குதுங்களாண்ணா?"

"எனக்கென்ன தெரியுமுங்க அம்மணி."

"அழிஞ்சிருச்சுங்களா?"

"பாதி போயிருச்சுங்க… 'கேட்க'ங்கறது மட்டும் நிக்குது… அதும் போயிருச்சுங்க."

"ரொம்ப நன்றிங்ண்ணா" என்றார் அக்கா. சொல்லும்போது குரல் உடைந்தது. ராக்கியப்பன் வாழ்க்கையில் அவருக்கு யாரும் அழுதுகொண்டே நன்றி சொன்னதில்லை, வெச்சிடறனுங்க என்று வைத்துவிட்டார்.

ரெஜினா அன்றைக்கே சல்லடையிடம் கேட்டார், கேட்ட நிமிஷத்தில் அது காட்டியது: குழந்தையின் உடம்புச் சூட்டை அளக்கிற ஒவ்வொரு தடவையும் நிரல் ஒரு துளி இடம் வாங்கி, திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தது. எடுக்கத் தெரிந்ததற்குக் கொடுக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். பதினோராம் நாள் வந்தது, பெட்டிகள் ஓடின. பன்னிரண்டு, பதிமூன்று, இருபது. அந்த நர்ஸ் காலண்டரைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தன் தங்கச்சி வளைகாப்புக்கு ஊருக்குப் போனார் என்று ரெஜினா எழுதினார், பெட்டிக்குள் இருந்து ஒரு சின்னக் கால் கண்ணாடியில் உதைக்கிற படத்தையும் அனுப்பினார். மாதையன் அந்தப் படத்தைத் தன் ஃபோனில் வாங்கி, படிக்கத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் காட்டி, பட்டறைக்கு வந்தவருக்கெல்லாம் போண்டா வாங்கிக் கொடுத்தார். சாலை முழுக்க அன்றைக்கு வண்டிகள் காரணமில்லாமல் ஹாரன் அடித்தன. கடைசிப் பக்கத்தில் ராக்கியப்பன் பெயர் தொண்ணூற்று நாலாவதாக ஏறியது.

வரி அழிந்த அன்றைக்கு ஆறு மணிக்கு மகள் கூப்பிட்டிருந்தாள். வரி இருக்குதுங்களாப்பா என்றாள். அழிஞ்சிருச்சு கண்ணு என்றார். ஓ, சரிங்ப்பா என்றாள், கொஞ்சம் நின்றாள், பத்திரமா ஓட்டுங்க என்று வைத்துவிட்டாள். அடுத்த நாள் ஃபோன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஊரெல்லாம் போண்டா தின்ற நாளிலும் இல்லை.

அன்றைக்குத்தான் அவர் பல மாதத்துக்கப்புறம் பட்டறைக்கு வந்தார். மாதையன் வெறும் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எதாச்சும் எழுதித் தரட்டுங்களாண்ணா? மயில் போட்டுத் தரட்டுமா?" என்றார்.

"வேண்டாம் மாதையா. இருக்கட்டும்."

"எத்தனை நாளைக்கு வெறும் பலகையப் பாத்துட்டே உக்காந்திருப்பீங்க?"

ராக்கியப்பன் சட்டைப்பையைத் தடவினார். ஃபோனை எடுத்தார், மகள் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்த எண்ணிலிருந்து வந்த அழைப்புகள் பக்கம் பக்கமாக இருந்தன, இவர் கையால் போட்டது ஒன்றுகூட இல்லை. அழுத்திவிட்டுக் காதில் வைத்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"அப்பா? வரி வந்துருச்சுங்களா?"

"இல்ல கண்ணு. வெறும் பலகைதான்."

"அப்பறம் எதுக்குங்ப்பா கூப்ட்டீங்க?"

மாதையன் பிரஷ்ஷைக் கழுவுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லா இருக்கறயா கண்ணு?"

அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் கேட்டது, யாரோ அதை நிறுத்தினார்கள். அப்புறம் அவள் பேச ஆரம்பித்தாள். கடையை எதிர்ப்பக்கம் மாற்றப்போகிறார்கள் என்று சொன்னாள், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனதைச் சொன்னாள், தனக்கு இப்போது மூணு கன்னடப் பாட்டு முழுசாகத் தெரியும் என்று சொன்னாள், ராக்கியப்பன் ஒவ்வொன்றுக்கும் அப்பறம், அப்பறம் என்று கேட்டுக்கொண்டே வந்தார், கேட்கக் கேட்க அவருக்குக் கேட்க இன்னும் இருந்தது.

"கொழந்தை குட்டி எதாச்சும்…"

"பையனுங்ப்பா. போன மாசத்தோட ரெண்டு வயசு."

ராக்கியப்பன் பலகையைப் பிடித்துக்கொண்டார். "மூணு மாசமா தெனமும் பேசுனோம். ஒரு வார்த்தை சொல்லலையே சாமி."

"நீங்க கேக்கவே இல்லையேப்பா."

அவளும் அழுதாள் போலிருக்கிறது, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர் கண்ணைத் துடைக்காமல், குரலை மட்டும் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"பேரென்ன வெச்சீங்க?"

"அவங்கிட்டயே கேளுங்க" என்றாள் பிருந்தா. ஃபோன் கைமாறியது, சின்னதாக ஒரு மூச்சு, காதுக்கு மிகவும் பக்கத்தில், வந்து நின்றது.